கரண்ட் இல்லாத கொல்லிமலை வீட்ல குடும்பத்தோட ரெண்டு நாள்: போறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிருங்க

கொல்லிமலைல ஈபி லைனே வராத ஒரு தோட்டத்து வீட்டுக்கு நாங்க இதுவரைக்கும் 3 தடவ போயிட்டு வந்துட்டோம். அப்பத்தா, அப்பா, அம்மா, நான், வீட்டுக்காரரு, ரெண்டு புள்ளைங்க, மொத்தம் 7 பேரு. சுத்தி மிளகுக்கொடி ஏறுன சில்வர் ஓக் மரம், நடுவுல ஓட்டு வீடு, கூரை மேல ஒரு சோலார் பேனல், அவ்ளோதான். எனக்கு அந்த வீடுன்னா உசுரு. ஆனா மொத தடவ போனப்ப சரியா கேக்காம கிளம்பிட்டோம், ராத்திரி 9 மணிக்கெல்லாம் பேட்டரி இறங்கி, காலைல டேங்க்ல தண்ணியும் தீந்து, அப்பத்தாவ வச்சுக்கிட்டு ரொம்ப கஷ்டமா போச்சு. அதனால தெரிஞ்சுகிட்டதை எல்லாம் இங்க எழுதறேன், போறவங்களுக்கு உதவட்டும்.

முதல்ல, வீட்டுக்காரங்ககிட்ட "கரண்ட் இருக்குங்களா"ன்னு கேக்காதீங்க. சோலார் இருந்தா அவங்க இருக்குன்னுதான் சொல்லுவாங்க, அது பொய்யும் இல்ல. பேட்டரி எத்தன ஏஹெச் (ஆம்பியர்-ஹவர், பேட்டரி எவ்ளோ சேத்து வைக்கும்ங்கற அளவு), இன்வெர்ட்டர் எத்தன வாட்ஸ்னு கேளுங்க. 12 வோல்ட் 100 ஏஹெச் பேட்டரின்னா ரெண்டையும் பெருக்கி 1200 வாட்-ஹவர், சாதாரண லெட் ஆசிட் பேட்டரில பாதிக்கு மேல எடுத்தா பேட்டரி சீக்கிரம் கெட்டுடும், அதனால கைல இருக்கறது 600ன்னு வச்சுக்கங்க. 9 வாட்ஸ் எல்ஈடி பல்பு 4, சாயங்காலத்துல இருந்து 5 மணி நேரம் எரிஞ்சா 180 போயிடும். 5 போன் ஃபுல் சார்ஜ் போட்டா ஒரு 80, 100. ராத்திரி குளிர்ல ஃபேன் தேவையே படாது, அது ஒரு லாபம். ஆனா கெட்டில், இன்டக்ஷன், அயர்ன் பாக்ஸ் இதெல்லாம் நெனைக்கவே கூடாது, மிக்ஸிய போட்டாகூட சின்ன இன்வெர்ட்டரு ட்ரிப் ஆயிடும். நாங்க இப்ப போனையெல்லாம் பகல்ல வெயில் இருக்கறப்பவே, 11 மணிக்கு மேல சார்ஜ் போட்டுடுவோம், அப்ப பேனல்ல இருந்தே நேரா வர்றதால பேட்டரில கை வைக்க வேண்டியதில்ல. ஐப்பசி, கார்த்திகைல மழை, மூடுபனின்னு நாள் பூரா மூடிட்டே இருக்கும், அப்ப போறதா இருந்தா இந்தக் கணக்குல பாதிகூட வராது, பவர்பேங்க் ரெண்டு, டார்ச் ஆளுக்கொண்ணு கண்டிப்பா வேணும்.

கரண்ட்டவிட தண்ணிதாங்க பெருசு. மலைல நெறைய தோட்டத்துக்கு மேல எங்கயாவது ஒரு ஊத்துல இருந்து ஓஸ் பைப் போட்டு, மோட்டார் இல்லாம தானா இறங்கி வந்து டேங்க்ல விழுகுற மாதிரி வச்சிருப்பாங்க. கோடைல அது நூல் மாதிரிதான் வரும். ஆளுக்கு ஒரு பக்கெட் குளியல்னா 7 பேருக்கு 120 லிட்டர், பாத்ரூமுக்கு 140, சமையல், பாத்திரம் எல்லாம் சேத்தா ஒரு நாளைக்கு 300 லிட்டர் ஆயிடும். 500 லிட்டர் டேங்க் ரெண்டு நாளுக்குப் பத்தாதுன்னு இப்ப தெரியுது, அன்னிக்குத் தெரியல. போன உடனே டேங்க் மூடியத் தொறந்து எவ்ளோ இருக்கு, பைப்புல வந்துட்டு இருக்கான்னு பாத்துடுங்க. குடிக்கறதுக்கு ரெண்டு 20 லிட்டர் கேன் கீழ இருந்தே வண்டில ஏத்திடுங்க, ஊத்துத்தண்ணி எவ்ளோ தெளிவா இருந்தாலும் தளதளன்னு கொதிக்க வச்சு ஆறவச்சுதான் புள்ளைங்களுக்குக் குடுக்கணும்.

ரோடப் பத்தி சுருக்கமா சொல்றேன். நாமக்கல்ல இருந்து ஏறக்குறைய 55 கிலோமீட்டரு, காரவள்ளி வழியா ஏறுனா 70 ஹேர்பின் பெண்டு. பெட்ரோல் கீழயே ஃபுல் பண்ணிடுங்க, கைல காசு வச்சுக்கங்க, மேப்ப டவுன்லோட் பண்ணி வச்சுக்கங்க. புள்ளைங்களுக்கு ஏறதுக்கு முன்னாடி பரோட்டா, பூரின்னு வயிறு முட்டக் குடுக்காம ரெண்டு இட்லியோட நிறுத்தி, போனப் பாக்க விடாம ரோடப் பாத்துட்டு வரச் சொன்னா வாந்தி பாதி கொறஞ்சிடும், எங்க பாப்பாவுக்கு எலுமிச்சம்பழத்த கைல குடுத்து மோந்துட்டே வரச் சொல்லுவேன். பெண்டுல ஏறி வர்ற வண்டிக்கு வழி விடணும். முக்கியமா, வீட்டுக்கு மதியம் 3 மணிக்குள்ள போய்ச் சேந்துடணும். இருட்டுனப்புறம் போனா டேங்க் எங்க, பாத்ரூம் எங்க, வெறகு நனைஞ்சிருக்கா எதுவும் தெரியாது, தெரியாத இடத்துல வயசானவங்க காலு இடறுனா யாரு பாக்கறது.

இப்ப அடுப்பு. இதுக்குத்தான் நான் ரொம்ப எழுதணும்னு நெனச்சேன், ஏன்னா கேஸ்ல பழகுன கைக்கு வெறகடுப்பு சட்டுனு வராது. எங்கப்பத்தாதான் சொல்லிக் குடுத்தாங்க. மொதல்ல வெறகு கட்டைய ரெண்டு ஒண்ணோட ஒண்ணு தட்டிப் பாக்கணும், காஞ்சதுன்னா டங்குனு கேக்கும், ஈரம்னா சத்தம் மொத்தையா வரும். ஈரக்கட்டைய எரிச்சா மறுமுனைல நுரை தள்ளிட்டு உஸ்ஸுன்னு புகையும், கண்ணு எரிஞ்சு தண்ணியாக் கொட்டும். பத்த வைக்க தென்னம்பன்னாடை ஒரு பை கட்டி வீட்ல இருந்தே எடுத்துட்டுப் போங்க, அது மேல வெரல் தண்டி சிராய், அது பிடிச்சப்புறம்தான் கட்டை. எடுத்தவொடனே பெரிய கட்டைய திணிச்சா காத்து போக வழியில்லாம அணைஞ்சிடும். பாத்திரம் வைக்கறதுக்கு முன்னாடி அடில சாம்பலைக் கொழைச்சுப் பூசிட்டீங்கன்னா கரி ஒட்டாம கழுவறப்ப வந்துடும், தண்ணியும் மிச்சம். ராத்திரி சமையல் முடிஞ்சதும் மறுநாள் வெறக அந்தச் சூட்டுக்குப் பக்கத்துல, நெருப்பு படாத தூரத்துல அடுக்கி வச்சா காலைக்குக் காஞ்சிருக்கும். ஆனா குளிருதுன்னு கங்க சட்டில அள்ளிட்டு வந்து படுக்கற ரூம்ல வச்சு கதவ மட்டும் சாத்திடாதீங்க, கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாம ஆளத் தூக்கிடும். கம்பளிதான் வழி.

சாப்பாட்டுக்கு மொத நாள் ராத்திரிக்கு புளிசாதமும் உருளைக்கிழங்கும் கட்டிட்டுப் போயிடுவோம், வந்த அலுப்புல யாரும் அடுப்பு ஊத வேண்டாம். மிக்ஸி இல்லாததால பருப்புப்பொடி, இட்லிப்பொடி, தக்காளித்தொக்கு, வறுத்து அரைச்ச மசாலா இதெல்லாம் வீட்லயே ரெடி பண்ணிடுங்க. மலைல சாமையும் தினையும் கெடைக்கும், சாமைச்சோறும் கொள்ளு ரசமும் அந்தக் குளிருக்கு அவ்ளோ நல்லாருக்கும். சித்திரைல இருந்து ஆடி வரைக்கும் பலாப்பழம் வாங்காம வராதீங்க, வெட்டறதுக்கு முன்னாடி கத்தியிலயும் கையிலயும் எண்ணெ தடவிக்கங்க.

எங்கப்பா இன்சுலின் போடறவரு, ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு எப்படி கூட்டிட்டுப் போறதுன்னு மொதல்ல ரொம்ப பயந்தேன். டாக்டர்கிட்ட கேட்டப்ப, தொறந்து யூஸ் பண்ணிட்டு இருக்கற பேனா 30 டிகிரிக்குக் கீழ இருந்தா பொதுவா 4 வாரம் வெளிய வைக்கலாம்னு சொன்னாரு, மருந்துக்கு மருந்து மாறும், உங்க டாக்டர்கிட்டயும் கேட்டுக்கங்க. பயமெல்லாம் மலைமேல இல்ல, கீழ வெயில்ல நிக்கற காருக்குள்ளதான். அதனால ஜிப் கவர்ல போட்டு, ஈரத்துணி சுத்துன சின்ன மண்பானைக்குள்ள வச்சு மடிலயே கொண்டு போனோம், வீட்லயும் அதே பானைதான். ஐஸ்ல நேரா வச்சு உறைய விட்டுடாதீங்க, உறைஞ்சா அந்த மருந்து வீண்.

பூச்சி பொட்டு விஷயத்துல பயப்படவும் வேண்டாம், அசால்ட்டாவும் இருக்க வேண்டாம். ராத்திரி பாத்ரூம் போறப்ப டார்ச் இல்லாம வாசல் தாண்டக் கூடாது, செருப்ப உதறிட்டுத்தான் போடணும், வெறகு குமிச்ச இடத்துல கைய விட்டு எடுக்கக் கூடாது. கரடி நடமாட்டம் இருக்கான்னு தோட்டத்து அண்ணன்கிட்ட கேட்டுட்டு அவரு சொன்னபடி நடங்க. பாம்பு கடிச்சா கீறறது, கட்டு போட்டு இறுக்கறது எதுவும் பண்ணாம, மோதிரம் கொலுச கழட்டிட்டு, கடிபட்ட காலையோ கையையோ அசைக்காம 108க்கு சொல்லிட்டு வண்டிய எடுத்துடுங்க. எந்த ஆஸ்பத்திரில விஷமுறிவு மருந்து இருக்குன்னு போன அன்னிக்கே கேட்டு வச்சுக்கங்க, வீட்ல எந்த மூலைல சிக்னல் கெடைக்குதுன்னும் பகல்லயே பாத்துக்கங்க.

ஆகாய கங்கை அருவிக்குப் போறதா இருந்தா காலைலயே போயிடுங்க, 1000 படிக்கு மேல இறங்கி ஏறணும், முட்டிவலி இருக்கறவங்க மேல அறப்பளீஸ்வரர் கோயில்லயே உக்காந்திருக்கட்டும். ஆடி 18 ஒட்டி வல்வில் ஓரி விழா, கூட்டம் எக்கச்சக்கம், அமைதி வேணும்னா அந்த வாரம் வேண்டாம்.

சாயங்காலம் ஆறரைக்கெல்லாம் இருட்டிடும். அதுக்குள்ள குளியல், சமையல், பாய் விரிக்கறது எல்லாம் முடிச்சுட்டா, அப்புறம் ஒரே ஒரு பல்பு போதும். புள்ளைங்க மொத நாள் போன் போன்னு அழுதுச்சு, அப்பத்தா திண்ணைல அகல்விளக்க ஏத்தி வச்சுட்டு, இதே மலைய ஆண்ட ஓரி ஒரே அம்புல யானை, புலி, மான், பன்னி, கடைசில புத்துல இருந்த உடும்பு வரைக்கும் துளைச்ச கதைய சொல்ல ஆரம்பிச்சாங்க. பையன் எந்திரிச்சு நின்னு வில்ல இழுக்கற மாதிரி காட்டி "உடும்பு எப்படி அப்பத்தா வரிசைல நின்னுச்சு"ன்னு கேட்டான். ரெண்டாம் நாள் போன கேக்கவே இல்ல.

கிளம்பறப்ப அடுப்புல தண்ணி தெளிச்சு, சாம்பலக் கிளறி, கங்கு இல்லன்னு பாத்துட்டு வாங்க, காட்டுத்தீக்கு ஒரு கங்கு போதும். பிளாஸ்டிக் கவர், டயப்பர் எல்லாத்தையும் மூட்டை கட்டி கீழ கொண்டு வந்து போடுங்க. இன்வெர்ட்டர ஆஃப் பண்ணிடுங்க. இறங்கறப்ப செகண்ட் கியர்லயே இறங்குங்க, பிரேக்க மட்டும் மிதிச்சுட்டே வந்தா சூடாகி கருகற வாசனை வரும், வந்துச்சுன்னா ஓரமா நிறுத்தி அரை மணி நேரம் ஆற விட்டுட்டு அப்புறம் எடுங்க.