ஹைபிரிட் காருக்கு டயர் மாற்றும்போது

பெட்ரோல் இன்ஜினோடு பேட்டரியில் ஓடும் மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் கார் வாங்குகிறவர் மைலேஜை எண்ணித்தான் கூடுதல் பணம் கொடுக்கிறார். மாருதி சுசுகி கிராண்ட் விட்டாராவின் ஸ்ட்ராங் ஹைபிரிட் (மோட்டாரில் மட்டுமே சிறிது தூரம் ஓடக்கூடிய) வகைக்குச் சான்றளிக்கப்பட்ட மைலேஜ் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர். அந்த எண்ணில் இன்ஜினுக்கும் பேட்டரிக்கும் மட்டுமல்லாமல், தொழிற்சாலையில் பூட்டி வந்த டயருக்கும் ஒரு பங்கு உண்டு. முதல் செட் தேய்ந்ததும் கடையில் கையிருப்பில் உள்ள டயரைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டு, வண்டி முன்போல் மைலேஜ் தரவில்லையே என்று வருந்துகிறவர்களை மதுரையில் அடிக்கடி பார்க்கிறேன். அந்த வருத்தத்தில் பாதி நியாயமானது. மீதிப் பாதிக்குக் காரணம் வேறு.

கடைக்குப் போவதற்கு முன், வெயில் ஏறாத காலை நேரத்தில் காரின் அருகே குனிந்து, டயரின் பக்கவாட்டில் இருக்கும் எழுத்தைப் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். கிராண்ட் விட்டாராவிலும் டொயோட்டா ஹைரைடரிலும் 215/60 ஆர் 17 என்றிருக்கும். முதல் எண் டயரின் அகலத்தை மில்லிமீட்டரில் சொல்கிறது. இரண்டாவது எண், பக்கவாட்டின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். இவற்றை எல்லோரும் கவனித்துவிடுவார்கள். அதையடுத்துச் சிறிய எழுத்தில் 96 ஹெச் என்பதுபோல ஒன்று இருக்கும். அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். 96 என்றால் அந்த ஒரு டயர் 710 கிலோ வரை தாங்கும். 95 என்றால் 690 கிலோ. 91 என்றால் 615 கிலோதான். ஹெச் என்பது மணிக்கு 210 கிலோமீட்டர் வேகம் வரைக்குமான தகுதி. டி என்றால் 190, வி என்றால் 240. புதிய டயரில் இந்த இரண்டும் பழையதற்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்கலாம், குறையவே கூடாது. பேட்டரியும் மோட்டாரும் சேர்வதால், அதே மாடலின் சாதாரண பெட்ரோல் வண்டியைவிட ஹைபிரிட் எடை கூடியது என்பதை மறக்க வேண்டாம்.

அதற்காக மின்சாரக் கார்களுக்கென்று தனியாக விற்கும் டயரை விலை கொடுத்து வாங்க வேண்டிய அவசியமும் இல்லை. ஹைரைடர் ஹைபிரிட்டின் பேட்டரியில் அடங்குவது ஏறத்தாழ முக்கால் யூனிட் மின்சாரம். முழு மின்சாரக் கார்கள் பலவற்றில் அது 30 யூனிட்டுக்கு மேல். அந்தப் பாரத்துக்காகச் செய்த டயர் நமக்குத் தேவையில்லை என்பதே என் கருத்து.

அடுத்து உருள்தடை. டயர் உருளும்போது தரையைத் தொடும் பகுதி நசுங்கி, மீண்டும் நிமிர்கிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஆற்றல் வெப்பமாக வீணாகிறது. உருள்தடை 10 சதவீதம் குறைந்தால் எரிபொருள் செலவு 1 முதல் 2 சதவீதம் குறையும் என்பது பொதுவான கணக்கு. ஹைபிரிட்டில் இதை இன்னும் ஊன்றிக் கவனிக்க வேண்டும். சிம்மக்கல்லிலிருந்து பெரியார் பேருந்து நிலையம் வரை ஊர்ந்து போகும்போது, பிரேக்கைத் தொடும் ஒவ்வொரு முறையும் மோட்டார் அந்த வேகத்தை மின்சாரமாக்கிப் பேட்டரிக்கு அனுப்புகிறது. டயரில் வெப்பமாகிப் போன ஆற்றல் அப்படித் திரும்பி வருவதில்லை.

ஆனால் உருள்தடை குறைவு என்ற ஒன்றை மட்டும் பார்த்து டயர் வாங்குவது ஆபத்து. ரப்பரின் கலவையில் உருள்தடையைக் குறைக்கப்போனால் ஈரத் தரையில் பிடிப்பும் குறைய இடமுண்டு. ரப்பரில் வழக்கமாகச் சேர்க்கும் கரித்தூளுக்குப் பதிலாகச் சிலிக்கா கலந்த டயரை மிஷ்லின் நிறுவனம் 1992-ல் கொண்டுவந்த பிறகுதான் இரண்டையும் ஓரளவு சேர்த்துப் பெற முடிந்தது. ஆகவே கடையில் இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். ஃபிரிட்ஜிலும் ஏசியிலும் ஒட்டியிருக்கும் நட்சத்திரச் சீட்டு இப்போது சில டயர்களுக்கும் வந்திருக்கிறது. இறக்குமதி டயர்களில் ஐரோப்பியச் சீட்டு இருந்தால் இன்னும் வசதி: எரிபொருள் சிக்கனத்துக்கும் ஈரப் பிடிப்புக்கும் ஏ முதல் இ வரை தனித்தனித் தரம் கொடுத்து, இரைச்சலை டெசிபலில் போட்டிருப்பார்கள். சிக்கனத்தில் ஏ, ஈரப் பிடிப்பில் டி என்றிருக்கும் டயரைவிட, இரண்டிலும் பி வாங்கிய டயரையே நான் எடுப்பேன். ஐப்பசி மழையில் நான்குவழிச் சாலையில் திருமங்கலத்தைத் தாண்டிப் போகும்போது, முன்னால் போகும் லாரி திடீரென்று நின்றால், லிட்டருக்கு அரைக் கிலோமீட்டர் மிச்சப்படுத்தியது நினைவுக்கு வராது. இரைச்சலையும் கேட்டுக்கொள்ளுங்கள், நத்தம் சாலை மேம்பாலத்தில் இன்ஜின் அணைந்து மின்சாரத்தில் ஓடும்போது, டயரின் ஓசைதான் காதில் விழும்.

டயரில் தரையைத் தொடும் கட்டைகளைத்தான் பட்டன் என்கிறோம்; அவற்றின் இடுக்குகளில் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும்; பட்டன் தேய்ந்து அவற்றின் மட்டத்துக்கு வந்தால் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம், சட்டப்படி டயரின் ஆயுள் முடிந்தது. நான் அதுவரை காத்திருப்பதில்லை. 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே மாற்றிவிடுவேன். முன்டயர்களை முதலில் பாருங்கள். இந்தக் கார்களில் மோட்டார் முன்சக்கரங்களோடு இணைந்திருப்பதால், இழுப்பதும் வேகத்தைத் திரும்பப் பெறுவதும் அவற்றின் வழியாகவே நடக்கின்றன. ஹைபிரிட்டில் பிரேக் பேட் நெடுநாள் வரும் என்பது உண்மை. டயருக்கு அந்தச் சலுகை கிடையாது.

எங்கள் காருக்கு டயர் மாற்றப் போனபோது, கடைக்காரர், “சார், 225 போட்டுக்கிருங்க. வண்டி பார்க்கக் கம்பீரமா இருக்கும், கிரிப்பும் நல்லா இருக்கும்” என்றார். “வேண்டாம்ணே, கம்பெனி அளவே போதும்” என்று சொல்லிவிட்டேன். 215/60 ஆர் 17 டயரின் மொத்த விட்டம் கணக்குப்படி 689.8 மில்லிமீட்டர், 225/60 என்றால் 701.8. இந்த 1.7 சதவீத வித்தியாசத்தால் ஸ்பீடோமீட்டர் முன்பைவிடக் குறைத்துக் காட்டும், காட்டும் மைலேஜும் குறையும், அகலம் கூடியதால் காற்றையும் கூடுதலாகக் கிழிக்க வேண்டியிருக்கும்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் மைலேஜை விட்டுக்கொடுக்கச் சொல்வேன். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமச் சாலைகளில் வெட்டிப்போட்ட சீமைக்கருவேல முள்ளும், மேலூர்ப் பக்கம் கிரானைட் சில்லுகளும் டயரைக் கிழிப்பதை ஊர்க்காரர்கள் அறிவார்கள். பட்டனில் ஏறிய முள்ளுக்குப் பஞ்சர் போடலாம், பக்கவாட்டில் கிழிந்தால் டயரையே மாற்ற வேண்டியதுதான். உங்கள் ஓட்டத்தில் பாதி அத்தகைய பாதையென்றால், ஒரு நட்சத்திரம் குறைந்தாலும் பக்கவாட்டு உறுதியான டயரை எடுங்கள்.

டயரைக் கையில் எடுத்ததும் பக்கவாட்டில் நான்கு இலக்கத் தேதியைத் தேடுங்கள். 2325 என்றால் 2025-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட சரக்கை நான் வாங்குவதில்லை. கடை வாசலில் வெயில் படும்படி அடுக்கிவைத்ததையும் தொடுவதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் கார் டயருக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருப்பதால், பில்லில் வரி விகிதத்தைச் சரிபாருங்கள்.

பூட்டும்போது கூடவே நில்லுங்கள். ஹைபிரிட் கார் ‘ரெடி’ நிலையில் சத்தமில்லாமல் நிற்கும். அணைந்துவிட்டது என்று நம்பி வேலை செய்வோர் ஜாக்கி வைத்துவிடுவார்கள், பேட்டரி குறைந்தால் இன்ஜின் தானாகவே எழுந்துகொள்ளும். வண்டியை முழுமையாக அணைத்து, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தள்ளி நில்லுங்கள். ஜாக்கியைக் கையேட்டில் காட்டிய இடத்தில் மட்டுமே வைக்கச் சொல்லுங்கள். அடியில் ஆரஞ்சு நிறத்தில் ஓடும் கேபிள் உயர் மின்னழுத்தம் உள்ளது. வால்வோடு காற்றழுத்த சென்சார் இருந்தால், டயரைக் கழற்றும் இயந்திரம் அதை உடைக்காமலிருக்க முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பேலன்சிங்கும் வீல் அலைன்மென்டும் கட்டாயம். இரண்டு டயர் மட்டும் வாங்கினால், புதியவற்றைப் பின்சக்கரத்தில் போடுங்கள். தேய்ந்த டயர் பின்னால் இருந்தால் மழையில் வண்டியின் பின்புறம் வழுக்கிச் சுழல வாய்ப்புண்டு.

காற்றை, கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள அளவுக்கு, டயர் குளிர்ந்திருக்கும் காலையில் பிடியுங்கள். சித்திரை வெயிலில் ஓடி வந்த டயரில் அழுத்தம் ஏறிக் காட்டுகிறதே என்று காற்றை இறக்கிவிட்டால், மறுநாள் காலையில் அளவு குறைந்து, உருள்தடை கூடிவிடும்.

இனி அந்த மீதிப் பாதி வருத்தம். தேய்ந்த டயருக்கு உருள்தடை குறைவு, புதியதற்குச் சற்று அதிகம். அதோடு, 6 மில்லிமீட்டர் தேய்ந்த டயரின் விட்டம் 12 மில்லிமீட்டர் சிறுத்திருக்கும் என்பதால், 100 கிலோமீட்டர் ஓடினால் மீட்டர் ஏறத்தாழ 101.8 என்று காட்டிக்கொண்டிருந்தது. புது டயர் போட்டதும் அந்தப் பொய்க் கணக்கு நின்றுவிடுகிறது. எனவே முதல் வாரத்திலேயே டயரைக் குறை சொல்லாமல், முதல் 300 கிலோமீட்டர் நிதானமாக ஓட்டி, ஆயிரம் கிலோமீட்டர் கடந்த பிறகு, ஒரே பெட்ரோல் பங்க்கில் டேங்க் நிறைய அடித்து, கப்பலூரிலிருந்து விருதுநகருக்குப் போய்த் திரும்பி, அதே பங்க்கில் மீண்டும் நிறைத்துக் கணக்குப் பாருங்கள்.