பேட்டன்ட் (காப்புரிமை) வழக்குச் செய்தி வந்தால் ஷேரை விற்பதா, வைத்திருப்பதா?

2020 அக்டோபரில் சேலம் செவ்வாய்பேட்டையிலிருந்து மாப்பிள்ளை கூப்பிட்டார். கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். கையில் கொஞ்சம் சிஸ்கோ ஷேர்; நெட்வொர்க் கருவிகள் செய்யும் அமெரிக்கக் கம்பெனி அது. "190 கோடி டாலர் அபராதமாம் மச்சான், வித்துரட்டுமா?" என்றார், பட்டறைச் சத்தத்துக்கு நடுவே. அன்று அவருக்குச் சொன்னதோடு பிறகு நடந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

படி 1: பணமா, தடையா?

முதலில், அது அபராதம் இல்லை, நஷ்டஈடு. சென்ட்ரிபெட்டல் என்ற நிறுவனம் தன் நெட்வொர்க் பாதுகாப்பு பேட்டன்ட்களை சிஸ்கோ மீறியதாக வழக்குப் போட்டிருந்தது. பணம் கேட்கும் வழக்கைவிட எனக்குப் பயம் தருவது தடை கேட்கும் வழக்கு. அமெரிக்காவின் சர்வதேச வர்த்தக ஆணையம் நஷ்டஈடு தராது, சரக்கையே நாட்டுக்குள் விடாது. 2014 டிசம்பரில் சிஸ்கோ தொடுத்த சண்டையில் அதன் போட்டிக் கம்பெனி அரிஸ்டாவுக்கு அதுதான் நடந்தது. நெட்வொர்க் ஸ்விட்சின் மென்பொருளையே மாற்ற வேண்டியதாகி, கடைசியில் 2018 ஆகஸ்டில் 40 கோடி டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டார்கள்.

படி 2: வருமானத்தோடு வகுத்துப் பாருங்கள்

அரிஸ்டாவின் 2017 வருமானம் சுமார் 164 கோடி டாலர். அதில் 40 கோடி என்றால் ஏறக்குறைய கால்வாசி. சிஸ்கோவின் 2020 வருமானமோ சுமார் 4,930 கோடி. 190 கோடி போனாலும் நூறு ரூபாய்க்கு நாலு ரூபாய் கூட இல்லை.

படி 3: செக்குபந்தியைப் படியுங்கள்

ஏற்காட்டில் காபித் தோட்டம் வாங்குபவர் பத்திரத்தில் முதலில் தேடுவது நான்கு எல்லையையும் சொல்லும் செக்குபந்தியைத்தானே? பேட்டன்டுக்கு அது 'க்ளெய்ம்'. அமெரிக்க பேட்டன்டில் கடைசியில் எண் போட்டு வரும். தலைப்பையும் படத்தையும் பார்த்து மயங்க வேண்டாம். மாப்பிள்ளைக்கு அவர் தொழிலிலேயே சொன்னேன்: 'சங்கிலி, சலங்கை, திருகாணி மூன்றும் உள்ள கொலுசு' என்று ஒருவர் பேட்டன்ட் வாங்கியிருக்கிறார் என்று வையுங்கள். திருகாணியே இல்லாமல் வளையம் மாதிரி செய்பவரை அவரால் லேசில் பிடிக்க முடியாது. க்ளெய்மில் சொன்ன ஒவ்வொன்றும் எதிராளியின் பொருளில் இருக்க வேண்டும். அப்புறம் ஆயுள்: விண்ணப்பித்த நாளிலிருந்து பொதுவாக 20 ஆண்டு.

படி 4: வழக்கு எந்தக் கட்டத்தில்?

முதல் தீர்ப்பே முடிவு என்று நினைத்து இங்கேதான் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். சிஸ்கோ வழக்கை விசாரித்த நீதிபதியின் மனைவி பெயரில் 100 சிஸ்கோ ஷேர் இருந்தது, மதிப்பு சுமார் 4,700 டாலர். இத்தனைக்கும் தீர்ப்பு சிஸ்கோவுக்கு எதிராகத்தான் வந்தது! இருந்தும், ஷேர் இருப்பதால் அவர் வழக்கிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்று 2022 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. 2023 டிசம்பரில் புதிய நீதிபதி மீறலே இல்லை என்றார்.

வழக்குப் போட்ட சின்னக் கம்பெனியின் ஷேரை வாங்க நினைப்பவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். 2020-இல் ஆப்பிளிடம் 50 கோடி டாலருக்கு மேல் வென்றது விர்னெட்எக்ஸ். பேட்டன்ட் அலுவலகம் அந்த பேட்டன்ட்களே செல்லாது என்றுவிட்டதால் 2023-இல் அந்தத் தொகை முழுக்கப் போனது.

படி 5: ஆண்டறிக்கை

அமெரிக்கக் கம்பெனியின் ஆண்டறிக்கையான 10-கே-யில் 'லீகல் புரொசீடிங்ஸ்' (வழக்கு விவரம்) பகுதியைத் தேடுங்கள். நஷ்டம் வரும், தொகையையும் கணிக்க முடியும் என்றால் அதற்குப் பணம் ஒதுக்கியாக வேண்டும். ஒதுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். இந்தியக் கம்பெனி என்றால் 'கன்டிஞ்சன்ட் லயபிலிட்டி' (வந்தாலும் வரக்கூடிய கடன்பாடு) குறிப்பு. மாப்பிள்ளை இதை இரவு பட்டறை மூடியபின் போனிலேயே படித்தார். விற்கவில்லை.