ஆடியில் எதை விதைப்பது? ஐப்பசி மழையிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பதை நம்பி, ஆடிப்பெருக்கன்று ஊருக்கு ஊர் ஒரே விதைப் பொட்டலத்தைப் பிரிக்கிறோம்: தக்காளி, வெண்டை, கத்தரி, அவரை, கொஞ்சம் கீரை. பழமொழியில் பிழை இல்லை. ‘தேடி’ என்ற சொல்லைத்தான் விட்டுவிடுகிறோம். ஆடியில் கோவையில் குளிர்ந்த காற்று வீசும், திருச்சியில் வெயில் காயும், ஊட்டியில் சாரல் அடிக்கும், தூத்துக்குடியில் புழுதி பறக்கும். ஒரே விதை இந்த நான்கு ஊரிலும் ஒரே மாதிரி விளையாது.

கணக்கு எளிதானது. வடகிழக்குப் பருவமழை ஏறத்தாழ அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். ஆடிப் பதினெட்டு ஆகஸ்ட் 2 அல்லது 3-ல் வரும். இடையில் 78 நாள். எந்த விதையைக் கையில் எடுத்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். 78 நாளுக்குள் காய்த்து முடியுமா? முடியாதென்றால், மழைக்குள் செடியாக நின்று தாங்கி, பிறகு காய்க்குமா? இரண்டும் இல்லையென்றால் மழை கழியும்வரை விதை டப்பாவிலேயே இருக்கட்டும்.

முதல் வகைக்கு வெண்டை நல்ல உதாரணம். 45-ஆம் நாள் முதல் காய், அதன்பின் ஒரு மாதத்துக்கு மேல் ஒன்றுவிட்டு ஒரு நாள் பறிப்பு. ஆடியில் போட்டால் ஐப்பசி மழைக்குள் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும். கொத்தவரையும் காராமணியும் ஏறக்குறைய இதே கணக்குதான். சிறுகீரைக்கும் முளைக்கீரைக்கும் 25 நாள் போதும், முள்ளங்கிக்கு 45 நாள். கத்தரி இரண்டாம் வகை: நாற்று 35 நாள், நட்டு முதல் காய்க்கு 55 முதல் 60 நாள். சரியாக மழை தொடங்கும்போது காய்க்கத் தொடங்கும், ஆனால் வேரில் நீர் தேங்காவிட்டால் மாதக்கணக்கில் தொடரும். அதனால் கவலையில்லை.

தக்காளியில்தான் கணக்கு தப்புகிறது. ஆடி முதல் வாரம் நாற்று விட்டால் 25 நாளில் நடவு, அதிலிருந்து 65 நாளில் முதல் பழம். அதாவது பழம் சிவக்கும் வாரமும் பருவமழை தொடங்கும் வாரமும் ஒன்று. காய்ந்து கிடந்த மண்ணில் திடீரென மழை பெய்ததும் வேர் நீரை ஏராளமாக இழுக்கும். பழம் உள்ளே பருக்கும், முற்றிய தோல் இழுபடாமல் வெடிக்கும். கூடவே இலைக்கருகல் வரும். கடலோரத்தில் அதற்கு முன்பே இன்னொரு தொல்லை. தக்காளிப் பூ பிஞ்சாக இரவு வெப்பம் 24 டிகிரிக்குக் கீழே இருந்தால் நல்லது. சென்னையில் ஆடி, ஆவணி இரவுகள் பெரும்பாலும் 25, 26 டிகிரியில் நிற்கும். பூ காம்போடு உதிரும். உரம் போதவில்லை என்று நினைத்து யூரியா போடுவார்கள். இலைதான் கூடும். கோவையில் இரவு 22-ஐ ஒட்டி இருப்பதால் அதே விதை அங்கே நன்றாகவே காய்க்கிறது. கடலோரத்தார் புரட்டாசிக் கடைசியில் கூரைக்கடியில் நாற்று விட்டு, பெருமழை ஓய்ந்த இடைவெளியில் கார்த்திகையில் நடுவதே நல்லது.

கடலோரம்: சென்னை முதல் நாகை வரை

ஆடி, ஆவணியில் மாலை இடிமழை பெய்து மறுநாளே காய்ந்துவிடும். பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். ஆகவே இப்போது போடும் எந்தப் பாத்தியையும் ஐப்பசியை நினைத்தே போட வேண்டும். மணலில் பாத்தி 15 செ.மீ. உயரம் போதும், களிமண்ணில் 30 செ.மீ. வேண்டும். 10 அடிக்கு 4 அடி பாத்திக்கு மட்கிய தொழு எரு 10 முதல் 12 கிலோ, வேப்பம் புண்ணாக்கு அரை கிலோ. பாத்தியைச் சுற்றியுள்ள வாய்க்காலில் நீர் எங்கே வடியும் என்பதை இப்போதே ஒரு குடம் ஊற்றிப் பாருங்கள். கார்த்திகையில் பார்ப்பதற்கு நேரம் இருக்காது.

கோடைக் கடைசியில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பேறியிருக்கும். குடத்தின் விளிம்பில் வெள்ளைப் படிவு கண்டால் பீன்ஸ், முள்ளங்கி, வெங்காயம் வேண்டாம். முதலில் வாடுவது பீன்ஸ்தான். கொத்தவரை உப்பை ஓரளவு நன்றாகவே தாங்கும், பீட்ரூட்டும் தாங்கும்.

கொடிக்காய்களுக்கு ஆடி நல்ல மாதம்: புடல், பாகல், பீர்க்கு, சுரை. ஒன்றரை அடி நீள, அகல, ஆழக் குழி. மேல்மண்ணோடு 5 கிலோ எரு கலந்து நிரப்பி, தரைமட்டத்துக்கு ஒரு சாண் மேலே குவித்து, குழிக்கு 5 விதை, முளைத்தபின் நல்லதாக 2 மட்டும் விடுங்கள். மற்றதைப் பிடுங்க மனம் வராமல் ஐந்தையும் விட்டால் பந்தல் முழுக்க இலைதான். முதல் இரண்டு வாரம் ஆண் பூவாகவே வந்தால் பதற வேண்டாம். நீண்ட பகலும் வெப்பமும் ஆண் பூவைக் கூட்டும். புரட்டாசியில் பிஞ்சோடு கூடிய பெண் பூ வரும். பிஞ்சு வளைந்து மஞ்சளாகி உதிர்ந்தால் அறுத்துப் பாருங்கள். உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தால் அது பழ ஈயின் வேலை. பொறி ஒன்று மாட்டுங்கள். உதிர்ந்த பிஞ்சைச் செடியடியில் விடாமல் சாக்கில் கட்டி வெயிலில் போடுங்கள். புழு மண்ணுக்குள் இறங்கித்தான் கூட்டுப்புழுவாகும், அந்த வழியை அடைத்தால் பாதித் தொல்லை குறையும்.

கோவை, பொள்ளாச்சி, உடுமலை, தேனி, தென்காசி

இங்கே மழையைவிடக் காற்றே பெரிய பகை. பாலக்காட்டுக் கணவாய், செங்கோட்டைக் கணவாய், ஆரல்வாய்மொழிப் பக்கம் என்று காற்றாலைகள் வரிசையாக நிற்கும் இடமெல்லாம் ஆடிக் காற்றின் பாதை. இளநாற்றை ஆட்டி ஆட்டித் தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் தோலை உரித்துவிடும். நாற்று பச்சையாகவே நிற்கும், ஒரு வாரம் கழித்துச் சாயும். பூச்சி கடித்ததென்று மருந்தடிப்பவர்கள் உண்டு. மேற்குப் பக்கம் இரண்டு வரிசை மக்காச்சோளத்தை, மற்ற விதைக்கு 20 நாள் முன்னதாகப் போட்டுவிட்டால் இந்தச் சேதம் வெகுவாகக் குறையும். தடுப்பின் உயரத்தைப்போல் ஏறத்தாழ 10 மடங்கு தூரம்வரை காற்றின் வேகம் தணியும். ஆறடிச் சோளத்துக்கு 60 அடி.

அந்தத் தடுப்பு இருந்தால் ஆடிக்கு இதைவிட நல்ல ஊர்கள் இல்லை. தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்றை இப்போதே விடலாம். தக்காளிக்கு நடும்போதே குச்சி ஊன்றுங்கள், பிறகு ஊன்றினால் வேர் அறுபடும். பந்தல் போடுபவர்கள் காற்று குறையும் ஆவணி நடுவில் கொடி பந்தலேறும்படி, ஆடிக் கடைசியில் விதைக்கலாம்.

திருச்சி, மதுரை, கரூர்

பகலில் 36, 37 டிகிரி. வெண்டை, கொத்தவரை, கத்தரி, தண்டுக்கீரை தாங்கும். கொத்தமல்லி இப்போது போட்டால் நான்கு இலை விட்டதும் பூத்துவிடும், அதை ஐப்பசிக்கு வையுங்கள். வெண்டைக்கு இங்கே பெரிய எதிரி மஞ்சள் நரம்புத் தேமல். பரப்புவது வெள்ளை ஈ. தேமல் தாங்கும் ரகமா என்று பொட்டலத்தில் பார்த்து வாங்குங்கள். விதையை இரவு ஊறவைத்து, 45 செ.மீ. வரிசையில் 30 செ.மீ.க்கு ஒரு குழியாக, இரண்டிரண்டு விதை, விரலின் முதல் கணு ஆழம். நான்கு பேர் வீட்டுக்கு 25 செடி தாராளம். முதல் மாதத்தில் இலையை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். நரம்பு மட்டும் மஞ்சள் வலையாகத் தெரிந்தால் அந்தச் செடி தேறாது. இலை முழுவதும் ஒரே சீராக வெளுத்திருந்தால் அது பசிதான், எரு போட்டால் மீளும். நரம்பு மஞ்சளான செடியை அன்றே பிடுங்கிவிட வேண்டும். இரக்கப்பட்டு வைத்த ஒரு செடி வரிசையையே கெடுக்கும்.

இராமநாதபுரம், தூத்துக்குடி, விருதுநகர் கரிசல்

கிணற்றுப் பாசனம் இல்லாதவர்கள் ஆடிப்பட்டத்தை மறந்துவிடலாம். இங்கே வானம் திறப்பது புரட்டாசிக்குப் பிறகுதான். ஒரு தூறலை நம்பி விதைத்தால் முளைக்கும் அளவு ஈரம் கிடைத்து, வேர் இறங்குமுன் கருகும். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாயே புரட்டாசியில்தான் விதைப்பு. ஆடியில் செய்ய வேண்டியது கோடை உழவின் கட்டியை உடைத்து, எருவைப் பரப்பி, வரப்பைச் சரிசெய்வது. கிணறு உள்ளவர்கள் காராமணி, கொத்தவரை போடலாம்.

கன்னியாகுமரிக்கு இரண்டு பருவமழையும் உண்டு. நெடும்பயறு, புடல், சேம்பு நன்றாக வரும். மேட்டுப்பாத்தி இல்லாமல் எதுவும் வேண்டாம்.

அவரை: எல்லாச் சமவெளிக்கும் பொது

பந்தல் அவரை நாளை எண்ணிப் பூப்பதில்லை, பகலின் நீளத்தைப் பார்த்துப் பூக்கிறது. சித்திரையில் போட்டாலும் ஆடியில் போட்டாலும் பூப்பது பகல் குறுகும் கார்த்திகை, மார்கழியில்தான். சித்திரையில் போட்டவர் எட்டு மாதம் வெறும் கொடிக்குத் தண்ணீர் ஊற்றுவார். ஆடியில் போட்டால் பந்தல் நிறையும் நேரமும் பூக்கும் நேரமும் பொருந்தும். இரவு முழுக்கத் தெருவிளக்கு விழும் மூலையில் பந்தல் போடாதீர்கள், பூ தாமதமாகலாம். மார்கழிக் குளிரில் குருத்தில் அசுவினி அடையாக மொய்க்கும். முதலில் குழாய்த் தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவி, பிறகு லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு மாலையில் தெளியுங்கள். சந்தையில் ‘செடி அவரை’ என்று விற்பது வேறு. அதற்குப் பகல் நீளம் பொருட்டில்லை.

முட்டைக்கோஸ், காலிஃபிளவர் மேல் ஆசை இருந்தால் ஆவணிக் கடைசியில் நாற்று, புரட்டாசியில் நடவு, அதுவும் வெப்பம் தாங்கும் ரகம். முதிர்ந்த நாற்றை நட்டால் காலிஃபிளவர் எலுமிச்சை அளவில் பூத்து நின்றுவிடும். நான்கைந்து இலையிலேயே நட்டுவிட வேண்டும். கேரட்டைச் சமவெளியில் முயல்வது வீண் என்பதே எங்கள் கருத்து.

மலை

ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 6 டிகிரி குறையும். 1,500 மீட்டரை ஒட்டிய ஏற்காட்டில் பீன்ஸும் சௌசௌவும் வசதியாக வரும். 2,200 மீட்டர் ஊட்டியில் ஆகஸ்ட், செப்டம்பர் என்பது உருளைக்கிழங்கின் இலையுதிர்காலப் போகம். கேரட், பீட்ரூட்டும் போடலாம். ஒரே நீலகிரியிலும் மழை பிரிகிறது: ஊட்டிப் பக்கம் தென்மேற்கு மழை ஓங்கும், கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஐப்பசி மழை கொட்டும். கோத்தகிரியில் இருப்பவர் ஊட்டி அட்டவணையைப் பார்த்து விதைத்தால் கிழங்கு முற்றும் நேரத்தில் கருகல் நோயில் சிக்குவார்.

மலைமண் புளிப்பு மிக்கது. கோஸ் வகை போடும் பாத்தியில் நடவுக்குச் சில வாரம் முன்பே சுண்ணாம்பு கலந்தால் வேர் வீங்கும் நோய் குறையும். உறைபனியையும் இப்போதே கணக்கில் எடுங்கள். 120 நாள் உருளையை ஆகஸ்ட் கடைசியில் நட்டால் அறுவடை டிசம்பர் கடைசி, அது உறைபனி மாதம். குளிர்காற்று கனமானது, தண்ணீரைப்போல இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஒரே தோட்டத்தில் பள்ளத்துப் பாத்தியின் இலை கருகி, இருபதடி மேலே சரிவில் இருப்பது பச்சையாக நிற்பதைக் காணலாம். உருளையைச் சரிவிலும், மழைக்குள் பறித்துவிடும் முள்ளங்கி, கீரையைப் பள்ளத்திலும் வையுங்கள்.