சந்தனப் பேழையில் அடங்கும் புத்தர் கோயில்: பார்க்கும் முறை

உடன் எடுத்துச் செல்லும் மரப் பேழைக் கோயில் ஒன்றைக் காண்போர் முதலில் நடுவிலுள்ள புத்தரின் முகத்தையே தேடுகிறார்கள். அதற்கு முன், பேழை எவ்வாறு திறந்து மூடுகிறது என்பதைப் பாருங்கள். ஜப்பானின் கோயா மலையிலுள்ள கொங்கோபுஜி கோயிலுக்குரிய, அந்நாட்டின் தேசியப் பொக்கிஷங்களுள் ஒன்றான சந்தனப் பேழை இதற்கு நல்ல பாடம். 8ஆம் நூற்றாண்டுத் தாங் அரசமரபுக் காலச் சீன வேலையாகக் கருதப்படும் அதன் உயரம் ஏறக்குறைய 23 செ.மீ. மட்டுமே. மூடியிருக்கையில் அது உச்சி குவிந்த ஒரு சிறு தூண். திறந்தாலோ கீல்களால் இணைந்த மூன்று பகுதிகளாக விரிகிறது. உருவங்கள் யாவும் குடைந்த உட்புறத்தில் அமைந்திருப்பதால், பயணத்தில் அவற்றுக்குக் கதவுகளே காவல்.

அடுத்து மரத்தைக் கவனியுங்கள். சந்தனம் இழை நெருங்கிய மரமாகையால் நகநுனி அளவு முகத்தையும் அதில் செதுக்க முடியும். மணமும் நிறமும் மறையக் கூடாதென்று கண், இதழ், கேசம் தவிரப் பிற இடங்களில் வண்ணம் பூசாமல் விடுவதே இவ்வகைச் சிற்பங்களின் பொது வழக்கம். கோசாம்பி மன்னன் உதயணன் செய்வித்த முதல் புத்தர் படிமமே சந்தனத்தால் ஆனது என்ற மரபுக் கதையும் இம்மரத்துக்குப் பெருமை சேர்த்தது.

அதன் பின்னரே உருவங்களுக்கு வாருங்கள். கோயா மலைப் பேழையின் நடுவில் சாக்கியமுனி புத்தரும் (கௌதம புத்தர்), இரு கதவுகளிலும் ஒவ்வொரு போதிசத்துவரும் (புத்தநிலையை நோக்கிச் செல்பவர்) பரிவாரத்துடன் அமர்ந்திருக்கிறார்கள். எந்தப் பேழையிலும் அளவில் பெரியவரே தலைவர். வலக்கை முழங்காலைத் தாண்டித் தரையைத் தொட்டால், பெரும்பாலும் அது ஞானம் பெற்ற தருணத்துச் சாக்கியமுனி. போதிசத்துவரின் மகுடத்தில் சிறு புத்தர் இருந்தால் அவர் அவலோகிதேசுவரர். தூபி இருந்தால் மைத்திரேயர். முகம் தேய்ந்திருந்தாலும் ஊர்தி உதவும்: சிங்கம் மஞ்சுஸ்ரீக்கும் யானை சமந்தபத்திரருக்கும் உரியவை. இவற்றில் ஒன்றும் தென்படாதபோது ‘ஒரு போதிசத்துவர்’ என்று நிறுத்திக்கொள்வதே நேர்மை.

இறுதியாக, பேழை கடந்து வந்த கைகளை விசாரியுங்கள். கோயா மலைக் கோயிலைப் பின்னர் நிறுவிய ஜப்பானியத் துறவி கூக்காய், சீனத்திலிருந்து திரும்பி, தாம் கொண்டுவந்த பொருள்களைப் பற்றி 806இல் அளித்த பட்டியலில், புத்தர், போதிசத்துவர் முதலியோரின் உருவங்கள் செதுக்கப்பட்ட சந்தனப் பேழை ஒன்று இடம்பெறுகிறது; கோயா மலைப் பேழையே அது என்று கருதப்படுகிறது. அது பௌத்த ஆசான் வச்சிரபோதி தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவந்து, அவருடைய சீடர் அமோகவச்சிரர், அவருடைய சீடரும் தம் குருவுமான ஹுய்குவோ ஆகியோர் வழியே தமக்கு வந்த பொருள்களுள் ஒன்று என்கிறார் கூக்காய். வச்சிரபோதி காஞ்சிப் பல்லவரோடு தொடர்புபடுத்திப் பேசப்படுபவர் என்பதால் நமக்கு உடனே ஓர் உரிமையுணர்வு எழுவது இயல்புதான். எனினும் சிற்பநடையை வைத்து அறிஞர்கள் பேழையைத் தாங் சீனத்துக்கே உரியதாகக் கணிப்பதால், அக்குறிப்பைப் பிறப்பிடச் சான்றாக அன்றி, குருவிடமிருந்து சீடருக்குச் சென்ற உரிமையின் ஆவணமாகவே படிக்க வேண்டும்.