பின்னணிப் படம் வைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வலைப்பக்க வடிவமைப்பைப் புதிதாகக் கற்பவர்களின் கோப்புகளைத் திருத்தித் தரும் வேலையைச் சில காலமாகச் செய்து வருகிறேன். பின்னணிப் படங்களைப் பொறுத்தவரை, தொடக்கத்தில் நான் செய்த அதே தவறுகளை அவர்களும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்க்கும்போது இதை எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது. அரைப்புள்ளி விடுபடுவது, பண்பின் (நிறம், அளவு போன்றவற்றைக் குறிக்கும் சொல்லின்) பெயரைப் பிழையாக எழுதுவது போன்றவற்றை உலாவியே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

படத்தின் முகவரி

சிஎஸ்எஸ் கோப்பில் (பக்கத்தின் தோற்றத்தை எழுதும் கோப்பு) எழுதும் படத்தின் முகவரி, அந்தச் சிஎஸ்எஸ் கோப்பு இருக்கும் ஃபோல்டரிலிருந்து கணக்கிடப்படுகிறது; எச்டிஎம்எல் பக்கம் (உள்ளடக்கத்தை எழுதும் கோப்பு) எங்கே இருக்கிறது என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. ஸ்டைல்களைப் பக்கத்திலிருந்து எடுத்துத் தனி ஃபோல்டரில் உள்ள கோப்புக்கு மாற்றிய அன்று படங்கள் மறைந்துபோவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். விண்டோஸ் கணினியில் தெரிந்த படம் லினக்ஸ் சர்வரில் தெரியவில்லை என்றால், கோப்புப் பெயரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

உயரமே இல்லாத டிவ்

டிவ் என்பது பக்கத்தில் ஒரு பகுதியைக் குறிக்கும் வெற்றுப் பெட்டி. உள்ளே எதுவும் இல்லாத டிவ்வின் உயரம் பூஜ்யம் என்பதால் அதன் பின்னணிப் படம் தெரியாது, உயரம் கொடுங்கள்.

சொல்லவேண்டிய செய்தியையே பின்னணியாக்குவது

இந்த ஒரு தவற்றைக் காணும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது, ஏனெனில் நான் இதைச் செய்ததால் ஒருவர் நட்டப்பட்டார். கைத்தறிச் சேலை விற்கும் ஒரு கடைக்கு விற்பனைப் பக்கம் செய்து கொடுத்தேன். அவர்கள் தந்த 48 படங்களில் சில நெட்டையாகவும் சில அகலமாகவும் இருந்தன. எல்லாவற்றையும் ஒரே அளவுச் சதுரங்களாகக் காட்ட எளிய வழி என்று கருதி, ஒவ்வொரு படத்தையும் ஒரு டிவ்வின் பின்னணியாக வைத்து, படம் கட்டம் முழுவதையும் நிரப்பும்படி பேக்கிரவுண்ட்-சைஸ் பண்புக்குக் கவர் என்ற மதிப்பைக் கொடுத்தேன். திரையில் அழகாகவே இருந்தது. ஒரு கண்காட்சிக்கு முந்தைய மாலை, வாடிக்கையாளர்களுக்குக் கொடுப்பதற்காகக் கடைக்காரர் அந்தப் பக்கத்தை நூறு படி அச்சிட்டார். தாளில் வெறும் கட்டங்களும் அவற்றின் கீழே விலைகளும் மட்டுமே வந்திருந்தன. மையை மிச்சப்படுத்துவதற்காக உலாவிகள் இயல்பாகவே பின்னணிகளை அச்சிடுவதில்லை என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது.

அச்சில் படங்கள் வராதது பிரச்சினையில் பாதிதான். பின்னணிப் படத்துக்கு ஆல்ட் உரை, அதாவது படத்துக்குப் பதிலாகப் படிக்கப்படும் விளக்கம், கிடையாது. ஆகவே பார்வையற்றவர் திரைவாசிப்பானில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் எந்த விலை எந்தச் சேலைக்கு என்பதே அவருக்குத் தெரியாது. பொருளுள்ள படங்களைச் சிஎஸ்எஸ் வழியாகச் சேர்ப்பதை, மாற்றுத்திறனாளிகளும் வலைப்பக்கங்களைப் பயன்படுத்த வழிகாட்டும் டபிள்யூசிஏஜி என்ற அணுகல்தன்மை ஆவணங்கள் எஃப்3 என்ற எண்ணிட்டு ஒரு தோல்வியாகவே குறிப்பிடுகின்றன. சிஎஸ்எஸ் படங்களைத் தன் படத்தேடலில் சேர்ப்பதில்லை என்று கூகுளும் சொல்கிறது. மேலும், இமேஜ் டேக்கில் (எச்டிஎம்எல்லில் படத்தை நேரடியாகச் சேர்க்கும் குறி) உள்ள படத்தை எச்டிஎம்எல்லைப் படிக்கும்போதே உலாவி கண்டுகொண்டு இறக்கத் தொடங்கிவிடும்; பின்னணிப் படமோ, சிஎஸ்எஸ் கோப்பு வந்துசேர்ந்து எந்த விதி எந்த உறுப்புக்குப் பொருந்தும் என்று முடிவான பிறகே தொடங்கும்.

ஒரே அளவுச் சதுரம்தான் வேண்டுமென்றால், இமேஜ் டேக்குக்கு அகலமும் உயரமும் கொடுத்து ஆப்ஜெக்ட்-ஃபிட் பண்பில் கவர் என்று எழுதினால் போதும். இன்றைய உலாவிகள் எல்லாவற்றிலும் இது வேலை செய்கிறது. எதைப் பின்னணியாக வைப்பது என்ற குழப்பம் வந்தால், அந்தப் படத்தை நீக்கினால் படிப்பவருக்கு ஏதேனும் செய்தி குறையுமா என்று கேட்டுப் பாருங்கள். குறையுமானால் அதற்குரிய இடம் இமேஜ் டேக்தான்.

சுருக்க வடிவம் அழிப்பவை

பேக்கிரவுண்ட்-இமேஜ், பேக்கிரவுண்ட்-சைஸ் என்று தனித்தனியாக எழுதிய பிறகு, நிறத்துக்காகக் கீழே பேக்கிரவுண்ட் என்ற சுருக்கப் பண்பை எழுதினால், அதில் சொல்லாத எல்லா மதிப்புகளும் தொடக்க நிலைக்குத் திரும்பிவிடும். உலாவியின் டெவலப்பர் கருவியைத் திறந்தால் மேலே உள்ள வரிகள் குறுக்கே கோடிட்டு அடிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். நிறம் மட்டும் வேண்டுமானால் பேக்கிரவுண்ட்-கலர் என்றே எழுதுங்கள்.

படத்தின் மேல் எழுத்து

அடர்ந்த படத்தின் மேல் வெள்ளை எழுத்து வைப்பவர்கள் அடியில் அடர்நிறம் ஒன்றைக் கொடுக்க மறந்துவிடுகிறார்கள்; மெதுவான இணைப்பில் படம் வந்துசேரும்வரை வெள்ளைப் பக்கத்தில் வெள்ளை எழுத்துதான் இருக்கும். படத்தை மங்கலாக்க ஒபாசிட்டி (எவ்வளவு ஒளிபுகாமல் இருக்கவேண்டும் என்ற பண்பு) கொடுத்தால் உள்ளே இருக்கும் எழுத்தும் சேர்ந்து மங்கும். அதற்குப் பதிலாக, பாதி ஒளிபுகும் கறுப்பில் ஒரு லீனியர்-கிரேடியன்ட்டை (நிறப் படலத்தை) பின்னணிப் பண்பில் படத்துக்கு முன்னால் காற்புள்ளியிட்டு எழுதுங்கள். முதலில் எழுதுவதே மேலே வரும். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளிவேறுபாடு இருக்கவேண்டும். படத்தின் மிக வெளிச்சமான மூலையில் அதை அளந்து பாருங்கள்.

நகராத பின்னணி

பக்கத்தை உருட்டினாலும் பின்னணியை நகராமல் நிறுத்தும் பேக்கிரவுண்ட்-அட்டாச்மென்ட் பண்பின் ஃபிக்ஸ்டு மதிப்பை ஐபோனில் நம்பவேண்டாம்.