உப்பந்துறையில் தண்ணீர் எப்போது வரும்?

டேபிள்டாப் ரோல்பிளே கேம் என்றால் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம். அதை நடத்தப் புதிதாக உட்காருபவர்கள் முதலில் வரைவது கற்பனை ஊரின் மேப். அடுத்து, மூவாயிரம் வருஷத்து ராஜவம்சம். ஆட்டம் தொடங்கிப் பத்தாவது நிமிஷம் ஒரு பிளேயர், "இந்த ஊர்ல காலையில என்ன சாப்பிடுவாங்க?" என்பார். ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் முழிப்பார். வம்சாவளி இருக்கிறது, டிபன் கடை இல்லை.

ராஜாவை விடுங்கள், ஒரே ஒரு தெருவைக் கட்டுவோம். ஒரு தாள், ஆறு முகப் பகடை ஒன்று, ஒரு மணி நேரம் போதும். ஊர்ப் பெயர் உப்பந்துறை. கடலோரம், 40 வீடு. மாதிரிக்கு வடசென்னை. காசிமேட்டிலிருந்து பாரிமுனை வரை நடந்தாலே மூன்று ஊருக்கான சரக்கு கிடைக்கும்.

படி 1: தண்ணீர்

தண்ணீர் லாரி வரும் தெருவைப் பாருங்கள். லாரிக்கு முன்பே குடங்கள் வரிசையில் நிற்கும், ஆட்கள் வீட்டில் வேலையாக இருப்பார்கள். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. உப்பந்துறையில் லாரி கிடையாது. கிணற்றில் கட்டிவைத்த நீர்ப்பூதம் பொழுது சாய்ந்ததும் ஒரு நாழிகை மட்டும் நீரை மேலே விடும். வரிசை அதே வரிசைதான்.

இப்போது மூன்று கேள்விக்கு ஒவ்வொரு வரியில் பதில் எழுதுங்கள். வழக்கம் என்ன? அடுத்தவர் குடத்தை நகர்த்தக் கூடாது. மீறினால்? அன்றிரவு தெருவில் யாரும் கதவு திறக்க மாட்டார்கள். யாருக்கு விலக்கு? சாவு விழுந்த வீட்டுக்கு முதல் குடம். மூன்றாவது பதிலைத்தான் புதியவர்கள் விட்டுவிடுகிறார்கள். ஆனால் கதை அங்கேதான் ஒளிந்திருக்கிறது: முதல் குடத்துக்காக எவனாவது பொய்ச் சாவு சொன்னால்? 'மீறினால்' என்பதற்குப் பதில் எழுத முடியாத வழக்கம் வெறும் தோரணம், அடித்துவிடுங்கள்.

படி 2: காலண்டர்

பன்னிரண்டு மாதத்துக்கும் புதுப் பெயர் வைக்காதீர்கள், யாருக்கும் நினைவிருக்காது. ஒரே ஒரு பருவம் போதும். நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. மீன்கள் முட்டையிடும் காலம் என்பது காரணம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும், வலை சீராகும், பெயின்ட் ஏறும், மீன் விலையும் ஏறும். கட்டுமரத்துக்குத் தடை இல்லை. உப்பந்துறையில் இதைக் 'கடல் சூல்' என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஹீரோக்கள் படகு கேட்டு வரும் நாள் அந்தப் பருவத்தில் விழட்டும். பெரிய படகு கிடைக்காது. மரம் ஒன்றில் நான்கு பேர் தொற்றிக்கொண்டு போக வேண்டும், கவசத்தைக் கழற்றிவிட்டு.

படி 3: ஒரு சாப்பாடு

பாரிமுனை, பர்மா பஜார் பக்கம் விற்கும் அத்தோவை எடுத்துக்கொள்ளுங்கள். நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாம் கையாலேயே பிசைந்து, கூட வாழைத்தண்டு சூப். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்தது. ஒரு தட்டில் ஒரு புலப்பெயர்வு முழுக்க இருக்கிறது. நீங்கள் வரலாறு வாசிக்கத் தேவையில்லை. உங்கள் பதார்த்தத்துக்கும் இதே மாதிரி கேளுங்கள்: யார் கொண்டுவந்தார்கள், இங்கே கிடைக்காத எந்தப் பொருளுக்கு எதை மாற்றினார்கள், தெருவில் யார் இதைத் தொட மாட்டார்கள்? பெயரை வாயில் நுழைகிற மாதிரி வையுங்கள். 'க்ஸார்த்ரூம்' சூப்பை எந்த பிளேயரும் இரண்டாம் முறை ஆர்டர் செய்ய மாட்டார்.

படி 4: விளியும் வசவும்

துறைமுக ஊரின் பேச்சில் வந்து போனவர்களின் தடம் இருக்கும். 'நைனா' தெலுங்கு வழி, 'பேஜார்', 'பேமானி' உருது வழி. உங்கள் ஊருக்கு இரண்டு விளி, ஒரு வசவு போதும். உப்பந்துறையில் மூத்த படகோட்டியை 'தண்டல்' என்று விளிக்க வேண்டும். மறந்தால், பேச்சுவார்த்தை பலிக்க உங்கள் கேமின் பகடையில் எட்ட வேண்டிய இலக்கு எண் 12 இருந்தது 14 ஆகும். வசவு, அந்த ஊர் எதற்கு அஞ்சுகிறதோ அதிலிருந்து வரட்டும்: 'கிணறு தூர்த்தவனே!'

படி 5: துண்டுக்கடியில் பேரம்

காசிமேட்டில் மீன் ஏலம் கூவித்தான் நடக்கும். மாட்டுச் சந்தைகளிலோ தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பகலில் மீனுக்குக் கூவல், இரவில் திருட்டுச் சரக்குக்குத் துண்டு என்று பிரித்துவிடுங்கள். மேஜை மேல் நிஜமாகவே ஒரு துண்டை விரியுங்கள். கேம் மாஸ்டரும் பிளேயரும் அடியில் கையை நீட்ட வேண்டும். பிடிக்கிற ஒவ்வொரு விரலும் பத்துக் காசு, மூன்றே முயற்சி, வாய் திறக்கக் கூடாது. மற்ற பிளேயர்கள் இருவர் முகத்தையும் பார்த்துக் கணக்குப் போடுவார்கள். விரல் பத்தா நூறா என்பதை முன்பே பேசிவிடுங்கள், இல்லாவிட்டால் நிஜச் சண்டை வரும்.

படி 6: இன்றைக்குத் தெருவில் என்ன?

பகடையை உருட்டுங்கள். 1: பூதம் இன்று பாதித் தண்ணீர்தான் விட்டது. 2: ஏலத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. 3: வரிசையில் யாருடையதென்று தெரியாத குடம். 4: சாவு வீடு, கடைகள் அடைப்பு. 5: சூல் காலத்தில் வலை நனைந்திருக்கிறது. 6: ஒன்றுமில்லை, ஒரு பாட்டி மட்டும் உங்களையே பார்க்கிறாள்.

எழுதியதை மேஜையில் வாசிக்காதீர்கள். இரண்டு வாக்கியத்துக்கு மேல் வர்ணனை போனால் பிளேயர் கை போனுக்குப் போகும். வடசென்னையிலிருந்து எடுப்பதாலேயே உப்பந்துறையில் ஆளுக்கொரு அரிவாள் கொடுக்காதீர்கள். சினிமா அதைத் தேவைக்கு மேல் செய்தாயிற்று. நிஜ சாதிப் பெயர், நிஜத் தெருப் பெயரும் வேண்டாம்.

முதல் ஆட்டத்துக்கு முன் பதினைந்து நிமிஷம் ஒத்திகை பாருங்கள். நண்பர் ஒருவருக்கு ஒரே வேலை: பொழுது சாய்ந்த அந்த ஒரு நாழிகைக்குள் ஒரு குடம் தண்ணீர் பிடித்து வர வேண்டும். அவர் எந்த இடத்தில் "ஏன்?" என்று கேட்கிறாரோ, அங்கே உங்கள் தாளில் பதில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.