முடக்குவாதம் வந்த கையோடு ஆய்வகத்தில் வேலை செய்ய

கேரள எல்லையில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கிணறுகளிலும் போர்வெல்களிலும் தண்ணீர் எடுத்துச் சோதிப்பது என் வேலை. ஃபுளோரைடு எவ்வளவு, கடினத்தன்மை எவ்வளவு, குடிக்கலாமா என்று பார்க்க வேண்டும். பதினொரு வருடமாக எனக்கு முடக்குவாதம், அதாவது மூட்டுகள் வீங்கி விறைத்துப்போகும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். பாட்டி இதைச் சரவாங்கி என்றார், பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் ஆமவாதம் என்றார்கள். போன மாதம் ஒரு மாணவி போன் செய்து, "அக்கா, எனக்கும் அதேதான் வந்திருக்கு. பிஎச்.டி.யை விட்டுடலாமான்னு இருக்கு" என்றாள். விட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அன்று இரவு ஒரு மணி நேரம் அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு நோட்டு வாங்கி இரண்டு வாரம் உங்கள் உடம்பை அளந்து எழுதுங்கள். காலையில் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், விரல் எத்தனை மணிக்கு மடங்கியது, எந்த வேலைக்குப் பிறகு வீங்கியது, எந்த நாளில் படுத்துவிட்டீர்கள் என்றெல்லாம் குறியுங்கள். என் நோட்டில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. ஆறு மணிக்கு எழுந்தால் ஒன்பது மணிக்குத்தான் விரல் என் சொல் கேட்கும். பதினொன்றிலிருந்து மூன்று வரை கை நன்றாக இருக்கும். நோட்டு எழுதுவதற்கு முன்பெல்லாம் காலை ஒன்பதரைக்கே டைட்ரேஷனுக்கு, அதாவது நிறம் மாறும்வரை கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் வேலைக்கு உட்கார்ந்து, ஒயின் சிவப்பு நீலமாக மாறும் அந்த ஒரு சொட்டைத் தவறவிட்டு, திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தேன். இப்போது காலையில் கணக்கும் வாசிப்பும், கை வேலை எல்லாம் பதினொன்றுக்கு மேல். கார்த்திகை, மார்கழியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது இன்னும் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். அந்த மாதங்களில் வெளி வேலையைக் குறைத்துப் போட்டுக்கொள்கிறேன்.

அடுத்தது எடை. எனக்கு மிகப் பெரிய மாற்றம் இதில்தான் வந்தது. ஒரு கிணற்றுக்கு ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு எடுப்பது எங்கள் வழக்கம். ஒரு நாளைக்கு 24 கிணறு என்றால் 48 கிலோ தண்ணீர். ஏன் இரண்டு லிட்டர் என்று கேட்டால், எப்போதும் அப்படித்தான் எடுப்போம் என்பதைத் தவிர யாரிடமும் பதில் இல்லை. நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஃபுளோரைடை அளக்கும் மின்முனைக்கு 25 மி.லி. போதும், இரண்டு முறை பார்த்தால் 50. கடினத்தன்மைக்கு 50 மி.லி. வீதம் மூன்று முறை, 150. குளோரைடுக்கு 100. பாட்டில், மின்முனை கழுவ மிச்சம் வைத்தாலும் அரை லிட்டரில் எல்லாம் முடிந்துவிடும். 48 கிலோ 12 கிலோ ஆகிவிட்டது. முடிவில் ஒரு மாற்றமும் இல்லை. கூட வரும், கை நன்றாக உள்ளவர்களும் இப்போது அரை லிட்டர்தான் எடுக்கிறார்கள். பாட்டில் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். கண்ணாடி கனம், போதாததற்கு ஃபுளோரைடு கண்ணாடியோடு சேரும். உங்கள் துறை வேறாக இருக்கலாம். ஆனாலும் உங்கள் வேலையில் எந்த அளவு உண்மையிலேயே தேவை, எது பழக்கத்தில் வந்தது என்று ஒவ்வொரு படியாகக் கேட்டுப் பாருங்கள்.

கருவிகளைப் பற்றி. திரவத்தை அளந்து எடுக்க, கட்டைவிரலால் அமுக்கும் பிப்பெட்தான் மூட்டுக்கு முதல் எதிரி. மோட்டார் வைத்த மின்பிப்பெட் கிடைத்தால் விடாதீர்கள். டைட்ரேஷனில் கரைசலைச் சொட்டவிடும் பியூரெட் குழாயில் கண்ணாடித் திருகுக்குப் பதில் டெஃப்லான் திருகு வாங்குங்கள், சுண்டுவிரலால்கூடத் திருப்பலாம். இரண்டரை லிட்டர் அமில பாட்டிலை நீங்கள் தூக்கவே வேண்டாம். வாரம் ஒருமுறை இன்னொருவர் சிறிய பாட்டில்களில் ஊற்றிப் பெயர் ஒட்டி வைக்கட்டும். கையுறை ஒரு அளவு பெரிதாக இருந்தால் கழற்றும்போது வலிக்காது. முதுகு சாயும் ஸ்டூல் கட்டாயம் வேண்டும்.

இப்படி வசதி கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்குப் பிரிட்டிஷ் வேதியியலாளர் டோரதி ஹாட்ஜ்கினைச் சொல்வேன். இளம் வயதிலேயே அவருக்கு முடக்குவாதம் வந்தது. எக்ஸ்ரே கருவியின் பெரிய சுவிட்சைக் கையால் தள்ள முடியாமல், அதற்கு ஒரு நெம்புகோல் செய்து வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். 1964இல் வேதியியல் நோபல் பரிசு. 1969இல் இன்சுலினின் அமைப்பைக் கண்டறிந்த அவருடைய குழுவில் நம் திருச்சூர்ப் பக்கத்து எம். விஜயன் இருந்தார். அந்த நெம்புகோலை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

மருந்து விஷயத்தில் இரண்டே சொல்கிறேன், மற்றதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். மெத்தோட்ரெக்சேட் இந்த நோய்க்கு வாரத்துக்கு ஒருமுறை மட்டும் எடுக்கும் மருந்து. தவறி தினமும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து, ஆகவே கிழமையைச் சீட்டில் பெரிதாக எழுதி வையுங்கள். எனக்குச் சனிக்கிழமை இரவு. ஞாயிறு அசதியோடு போய்விடும், திங்கள் வேலைக்குத் தயார். இரண்டாவது, இந்த மருந்துகள் நோய் எதிர்ப்பைக் குறைக்கும். தண்ணீர் ஆய்வகத்தில் கோலிஃபார்ம் சோதனையும் உண்டு. கிருமி வளர்க்கும் அந்த வேலையை என்னுடன் இருக்கும் சேட்டன் எடுத்துக்கொண்டார், அவருடைய ஃபுளோரைடு அளவுகளை நான் எடுத்துக்கொண்டேன். யாரும் யாருக்கும் சலுகை செய்யவில்லை, வேலையை மாற்றிக்கொண்டோம்.

அப்புறம், கேட்பது. முன்பு நான் இருந்த ஓர் இடத்தில் வாயால் கேட்டேன், சரி என்றார்கள், ஸ்டூலும் வந்தது. தலைவர் மாறினார், ஸ்டூல் வேறு அறைக்குப் போனது, கேட்டால் எந்தப் பதிவும் இல்லை என்றார்கள். அந்த ஆறு மாதம் நின்றுகொண்டே வேலை செய்து முழங்கால் போனது. எழுதிக் கேளுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் நோயின் கதை வேண்டாம். "காலை பத்தரை முதல் மாலை ஆறரை வரை வேலை நேரம், முதுகு சாயும் ஸ்டூல் ஒன்று, ஐந்து கிலோவுக்கு மேல் தூக்க ஓர் உதவியாளர்" என்று பொருளும் நேரமும் மட்டும் எழுதினால் மறுப்பது கடினம்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. அரசு நிறுவனங்கள் ஊழியருக்குத் தேவையான வசதியைச் செய்து தர வேண்டும். பணியில் இருக்கும்போது உடல் குறை வந்தவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் ஹீமோஃபிலியா, தலசீமியா, அரிவாள் செல் நோய், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எல்லாம் பெயரோடு உண்டு. முடக்குவாதம் பெயரோடு இல்லை, கை கால் இயக்கம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்றுதான் அளப்பார்கள். வேலை இட ஒதுக்கீட்டுக்கு அந்தக் குறை 40 சதவீதமாவது இருக்க வேண்டும். அதற்குக் குறைவாக வந்தால் எதுவுமே கிடைக்காது என்று நினைத்துவிடாதீர்கள். எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நோய் உள்ள ஒருவர் தேர்வில் எழுத உதவியாளர் கேட்ட வழக்கில், அந்த 40 சதவீதத்தைக் காட்டி மறுக்கக் கூடாது என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

எல்லையில் இருக்கிற நமக்கு ஒரு குழப்பம் வரும். வீடு கேரளாவில், வேலை கோயம்புத்தூரில் என்றால் மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு எங்கே விண்ணப்பிப்பது? வீட்டு முகவரி உள்ள மாவட்டத்தில். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை மாநில எல்லையில் உள்ள வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினாலும் செல்லும். மலையாளச் சீட்டு, தமிழ்ச் சீட்டு இரண்டையும் பத்திரப்படுத்துங்கள். ஆனால் முதலாளிக்குக் காட்ட ஆங்கிலத்தில் மருத்துவரிடம் ஒன்று எழுதி வாங்கிக்கொண்டால் அலைச்சல் குறையும்.

கடைசியாகப் பணம். புதிய திட்டத்துக்கு நிதி கேட்கும்போதே மின்பிப்பெட்டைக் கருவிச் செலவிலும், பாட்டில் தூக்க வருபவரின் தினக்கூலியைக் களச் செலவிலும் எழுதிவிடுங்கள். வாடகை வண்டிக்கும் எழுதுங்கள். பஸ் படி ஏறி இறங்கிய கையால் அன்று டைட்ரேஷன் செய்ய முடியாது. "24 கிணறு, ஒரு நாள், ஒரு உதவியாளர், ஒரு வண்டி" என்று நான் எழுதிய வரியை இதுவரை யாரும் வெட்டியதில்லை. அந்த மாணவிக்கும் அதே வரியை அனுப்பிவிட்டேன், கிணற்று எண்ணிக்கையை மட்டும் மாற்றிக்கொள்ளச் சொல்லி.